நப்லாவின் வாப்பா சஃபாரிக்கு விலை பேசியபோது

என் வீட்டுக்காரர் தாஸிம் ஒரு மாணிக்கக் கல் வியாபாரி. எங்கள் ஊர் நிவித்திகலையில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. இருபது வருடமாக, வருடத்துக்கு இரண்டு தடவை தன்சானியா போய்க் கல் வாங்கி வருகிறார். அத்தனை தடவை போயும் அந்த நாட்டில் அவர் கண்ட ஒரே மிருகம், அறூஷா நகரத்தில் அவர் தங்கும் லொட்ஜ் வாசலில் படுத்திருக்கும் பூனைதான். கேட்டால், "நான் கல்லுப் பாக்கப் போற. மிருகம் பாக்கவா போற?" என்பார்.

நான் றுகையா, புவியியல் டீச்சர். முப்பத்தொரு வருடமாகத் தரம் ஒன்பதுக்குச் சவன்னா புல்வெளி படிப்பிக்கிறேன். மாரா ஆற்றை நீலச் சோக்கில் கீறுவேன். வில்டபீஸ்ட் என்ற தாடி வைத்த மாடுகள் லட்சக்கணக்கில் எந்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்று அம்புக்குறி போடுவேன். எல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். பாடம் மூன்றாம் தவணையில்தான் வரும் என்றாலும், இந்த வருடம் அந்த மாடுகள் ஆற்றைக் கடக்கும் படத்தை முதலாம் தவணையிலேயே வகுப்பில் தொங்கவிட்டேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் தயாளினி அதைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"டீச்சர், இத நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"பரவால்லைங்க டீச்சர்," என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை மேல் இல்லை, என் மேல்தான். டிசம்பரில் அறுபது வயது, பென்ஷன். போவதற்கு முன் ஒரே ஒரு தடவை, கண்ணால் கண்டதைப் படிப்பித்துவிட்டுப் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "ஆகஸ்ட் லீவுல என்னையும் கூட்டிக்கொண்டு போங்க. கல்லுக்கு இல்ல, சஃபாரிக்கு."

"பாப்போம்," என்றார்.

அவர் வாயில் 'பாப்போம்' வந்தால் பாதி சம்மதம். மறுநாளே வலயக் கல்வி அலுவலகத்தில் வெளிநாட்டு லீவுக்கு எழுதிப் போட்டேன். ஆகஸ்டில் ஒன்பது நாள் கிடைத்தது. அந்தத் திகதியை இனி மாற்ற முடியாது. எங்கள் மகள் நப்லா இன்டர்நெட்டில் தேடி, அறூஷாவில் ஹுஸைன் என்பவர் நடத்தும் சின்ன சஃபாரி கம்பனி ஒன்றைப் பிடித்தாள். அவர் திட்டம் அனுப்பினார். செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் ஆறு நாள், அதில் இரண்டு நாள் மாரா ஆற்றுப் பக்கம், கூரை திறக்கும் ஜீப், கீழே விலை. விலையைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"இங்க தா," என்று தாஸிம் நப்லாவின் ஃபோனை வாங்கிக்கொண்டார். "விலை பேசுறது என்ட வேல."

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியாபாரிகள் கூடும் எங்கள் ஊர்க் கல் தெருவில் ஒரே சட்டம்தான். பிடித்திருப்பதைக் காட்டக் கூடாது. நல்ல நீலக்கல் கையில் வந்தால் தாஸிம் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், உள்ளே வெடிப்பு என்பார், கல்லுக்குச் சொந்தக்காரர் கையிலேயே வைத்துவிட்டு எழும்பி நடந்துவிடுவார். மஃரிப் தொழுகைக்குள் அந்த ஆள் விலையைக் குறைத்துக்கொண்டு எங்கள் வீட்டு கேற்றில் நிற்பார். அப்படி வந்தவர்களுக்கு நான் ஊற்றிய தேத்தண்ணி கொஞ்சநஞ்சமல்ல. இந்த வித்தையை அவர் மீன்காரரிடமும் காட்டுவார், எஹலியகொடவில் டியூரியன் பழம் விற்பவரிடமும் காட்டுவார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தூரத்தில் நிற்பேன்.

ஹுஸைனுக்கு அவர் அனுப்பியது இவ்வளவுதான்: 'மிருகம் எங்கள் நாட்டு யாலக் காட்டிலும் இருக்கிறது. வேண்டாம்.'

ஃபோனை நப்லா கையில் திருப்பி வைத்துவிட்டு எழும்பினார். "இப்ப பாரு, அவர் வருவாரு."

"எங்க வருவாரு? அறூஷால இருந்து நிவித்திகலைக்கா?"

"ஃபோன்ல வருவாரு. நீ சும்மா இரு."

மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. "அவரும் பெரிய வியாபாரிதான் போல, நல்லாத் தாங்குறாரு," என்று இவருக்கு அந்த மனிதர் மேல் மரியாதையே வந்துவிட்டது. நான் கலண்டரில் ஆகஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் நப்லா பொறுக்க முடியாமல் தானே எழுதிக் கேட்டாள். பதில் உடனே வந்தது. உங்கள் தகப்பனார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அந்த வாரத்து ஜீப்பை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள்.

தாஸிம் அதை இரண்டு தடவை வாசித்தார். "வேணாம்னா வேணாம்னே எடுத்துக்கொண்டாரே," என்றார், ஏதோ ஹுஸைன் கள்ள வேலை செய்துவிட்டதைப் போல.

"வேற எப்படி எடுக்கிற?" என்று கேட்டேன்.

நான் கத்தவில்லை. நான் கத்தாவிட்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம். நப்லா மற்றக் கம்பனிகளிலும் தேடினாள். என் லீவு நாட்களில் ஆற்றுப் பக்கம் எங்குமே இடம் இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அறுபது வயதில் மாடு பார்க்கக் கிடைக்கவில்லை என்று அழுகிறாயே என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அழுகை நிற்கவில்லை.

மறுநாள் அவர் கல் தெருவுக்குப் போகவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். ஹுஸைனுக்குத் தானே கோல் எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். திருப்பிக் கொடுத்த கல்லை எங்கள் ஊரில் யாரும் தேடிப் போக மாட்டார்கள். போனால் தெருவே ஒரு வருடத்துக்குச் சிரிக்கும். பாதி இங்கிலீஷும் பாதி சுவாஹிலியுமாகப் பேசினார். எனக்கு விளங்கியதைத் தமிழில் சொல்கிறேன்.

"தம்பி, நான் தாஸிம். நான் வேணாம்னு சொன்னது பொய். எங்களுக்கு அது நல்லா வேணும்."

ஜீப் போய்விட்டது என்றார் ஹுஸைன். ஒரு லொறி மட்டும் இருக்கிறதாம். ஆறு பேர் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறார்கள், இரண்டு இடம் மிச்சம். அதுவும் ஆற்றுப் பக்கம் போகும். ஆனால் ஹோட்டல் கிடையாது. நிலத்தில் சின்னக் கூடாரம் அடித்துத்தான் படுக்க வேண்டும், இரவில் கழுதைப்புலி கிட்ட வந்து மோப்பம் பிடித்துவிட்டுப் போகும்.

தாஸிமுக்கு அறையில் பல்லி இருந்தாலே தூக்கம் வராது. சுவரை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "சரி," என்றார்.

"விலையை அனுப்பவா?"

"என்ன விலையானாலும் சரி."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை அது. ஹுஸைனுக்கே ஒரு மாதிரியாகப் போயிருக்க வேண்டும். அறூஷாவுக்கு அடிக்கடி வருகிற ஆள்தானே, கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றார்.

"குறைக்க வேணாம். அதுக்குப் பதிலா வேற ஒண்டு கேக்கிறேன், தாங்க," என்றார் இவர். "முன்னுக்கு, ஜன்னல் ஓரமா என்ட மனுசிக்கு ஒரு சீட். அவ முப்பத்தொரு வருசமா உங்கட நாட்டப் படிப்பிக்கிற டீச்சர். ஆத்தடிக்குப் போனா அவக்கு முன்னால ஒருத்தரும் மறைச்சுக்கொண்டு நிக்கக் கூடாது."

என் பாடத்தை இந்த மனிதர் இத்தனை வருடமாகக் கவனித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, மறுபடியும் கண் நிறைந்துவிட்டது.

டீச்சர் பக்கத்தில் இருந்தால் ஃபோனைக் கொடுங்கள் என்றார் ஹுஸைன். வாங்கினேன். எனக்காக நிதானமாக இங்கிலீஷில் பேசினார். ஆற்றின் எந்தக் கரையில் நின்று பார்க்க உங்களுக்கு விருப்பம் என்று கேட்டார்.

"தெற்குக் கரை," என்றேன். "ஆகஸ்டில் அவை வடக்குப் பக்கமாகக் கடக்கும். வடக்குக் கரையில் நின்றால் அவை ஏறி வரும் வழியை நாம்தான் மறித்துக்கொண்டு நிற்போம்."

"சரி டீச்சர்," என்றார் ஹுஸைன். "நீங்கள் சொல்லும் இடத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்கிறேன்."