உதறல் வந்த ஞாயிறு

பூகம்பத்துக்குப் பிறகு என் தங்கை மேவிஸ் தூங்கவே இல்லை. இடிந்துபோன கடைகளெல்லாம் கூடாரத்துக்குள் மறுபடி முளைத்து, செருப்பும் புத்தகமும் விற்க ஆரம்பித்துவிட்டன. இவள் மட்டும் தெருவில் ஒரு லாரி போனால் போதும், சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். மாத்திரை, மூலிகைத் தேநீர், கடலைப் பார்த்து மூச்சு விடுவது என்று எல்லாம் செய்து பார்த்தாள். எங்கள் கடலோர ஊரான சாண்டா க்ரூஸில் இதற்கெல்லாம் ஆளுக்குப் பஞ்சமில்லை. கடைசியில் டேரல் கடையில் போய் விழுந்தாள்.

டேரல் ஹாக்கெட் ஒரு காலத்தில் பாட்டுக் கச்சேரிகளுக்கு விளக்குப் போட்டவன். இப்போது மனதுக்கு விளக்குப் போடுகிறேன் என்கிறான். கடை என்றால் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி. கண்ணை மூடி அவன் தரும் கறுப்புக் கண்ணாடியை மாட்டினால், உள்ளே இருக்கும் சிவப்பு விளக்குகள் இமைமேல் விட்டுவிட்டு மின்னும். ஹெட்ஃபோனில் ஒரே ஒலி அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். காது மடலில் மாட்டிய கிளிப் வழியாக மின்சாரம் எறும்பு ஊர்வதுபோல ஊரும்.

அங்கே யாருக்காவது உடம்பு நடுங்கினால் அதற்குப் பெயர் உதறல். பெரிய பாக்கியம் அது. உள்ளே கட்டிவைத்ததெல்லாம் அவிழ்கிறது என்பார்கள். மற்றவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்று 'ம்ம்ம்' என்று ஒரே குரலில் இழுப்பார்கள். நடுங்குகிறவரைத் தொடக் கூடாது. பெட்டியை நிறுத்தக் கூடாது. மேவிஸ் மாதக்கணக்கில் போயும் அவளுக்கு ஒரு விரல்கூட நடுங்கவில்லை. நாற்காலியில் கொஞ்சம் கண் அசருவாள், வீட்டுக்கு வந்தால் மறுபடி மேசையடி. உதறல் மட்டும் வந்துவிட்டால் தூக்கமும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ என்கூட வாக்கா. நீ பக்கத்துல இருந்தா எனக்கு வந்தாலும் வரும்" என்று அந்த ஞாயிறு மதியம் கெஞ்சினாள்.

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவடி. சிவப்பு விளக்கப் பாத்தா பிரேக் போடத்தான் தோணும்."

"போடேன். யாரு வேணாம்னா?"

போனேன். முதலில் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மூடிய கண்ணுக்குள் நிறங்கள் கம்பளம் நெய்தன. பிறகு டேரல் பெட்டியில் ஒரு குமிழைத் திருகி மின்னும் வேகத்தைக் கூட்டினான். வாயில் தகரச் சுவை வந்தது.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது மேல்கூரை. சுற்றிலும் 'ம்ம்ம்'. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம், கால்சட்டை ஈரம். கண் விழித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். மேவிஸ் அழுதுகொண்டிருந்தாள். "முதல் தடவையே வந்துடுச்சே உனக்கு!" என்றாள். அந்தக் குரலில் சந்தோஷத்தைவிடப் பொறாமைதான் கூடுதல்.

"இவ்வளவு பெரிய உதறல் இந்தக் கடையில யாருக்கும் வந்ததில்லீங்க" என்றான் டேரல்.

வருஷா வருஷம் பஸ் டிரைவர்களுக்கு முதலுதவி வகுப்பு நடக்கும். என் பஸ்ஸில் வரும் டோரி என்ற சின்னப் பெண்ணுக்கு வலிப்பு உண்டு. போன வசந்தத்தில் நான்தான் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்தது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னை ஒருக்களிச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தொடக் கூடாதுங்க. அது வர்ற வழியில நாம குறுக்க நிக்கக் கூடாது."

"செத்துப் போயிருந்தா? அப்பவும் சுத்தி நின்னு பாடியிருப்பீங்களா? இது வலிப்பு டேரல்!"

அவன் கோபப்படவில்லை. குனிந்து என் காது கிளிப்பைக் கழற்றினான். "டாக்டர்கிட்ட போனா அவரும் அந்தப் பேரத்தான் வெப்பார். வெச்சுட்டா லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதியே ஆகணும். அப்புறம் உங்க பஸ்ஸ யாரு ஓட்டுறது? நல்லா யோசிங்க."

சரியான இடத்தில் குத்தினான். புருஷன் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த மஞ்சள் பஸ்தான். பாழாய்ப் போனவன், அவன் சொன்னது எனக்கு இனித்தது. அன்று சாயங்காலம் மேவிஸ் வைத்த சூப்பை, கடிபட்ட நாக்கில் படாமல் மெல்ல உறிஞ்சிக்கொண்டே, ஆமாம், உள்ளே ஏதோ அவிழ்ந்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை எடுத்தேன். மலையில் அதிசயமாகப் பனிமூட்டம் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பினால், எதிரே நெடுநெடுவென்ற ரெட்வுட் மரங்களுக்கு நடுவில் தாழ்ந்த சூரியன். சாலை முழுக்க வெயில் ஒரு பட்டை, நிழல் ஒரு பட்டை. முதல் சில பட்டைகள் கண்ணில் அடித்தன. டேரல் குமிழைத் திருகிவைத்த அதே வேகம். நாக்கின் அடியில் தகரம் ஊறியது.

வகுப்பில் சொன்னபடி ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். ஓரம் கட்டிச் சாவியைப் பிடுங்கினேன். என் பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பள்ளம், கீழே ஆறு.

ரேடியோவை எடுத்தேன். பஸ் டிப்போவில் வண்டிகளை அனுப்புகிற நெட் பேசினான்.

"நெட், வேற டிரைவர அனுப்பு."

"பஸ்ஸுக்கு என்ன? போன வாரந்தான பிரேக்க மாத்தினோம்?"

"பஸ் நல்லாதான் இருக்கு. எனக்குத்தான் வலிப்பு வந்துச்சு. நேத்து."

"லெனோர், யோசிச்சுப் பேசு. இது எல்லா பஸ்ஸுலயும் கேக்கும்."

"கேக்கட்டும். நாளைக்கு நான் பின்வாங்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான் ரேடியோவுல சொல்றேன்."

முன் இருக்கையிலிருந்து டோரி எட்டிப் பார்த்தாள். "மிஸ், எனக்கு வர்ற மாதிரியா உங்களுக்கும்?"

"ஆமா கண்ணு."

"நாக்கக் கடிச்சீங்களா?"

காட்டினேன்.

"ஐயே!" என்றாள். பிறகு என் தோளைத் தட்டினாள். "பயப்படாதீங்க. அப்புறம் தூக்கமா வரும், அவ்வளவுதான்."

வேறு டிரைவர் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். சாவியைக் கொடுக்கும்போது என் கை சட்டென்று விடவில்லை. அந்த மனிதர் நல்லவர், இழுக்காமல் காத்திருந்தார்.

நெட் சொல்லி மேவிஸ் காரோடு வந்தாள். ஏறி உட்கார்ந்ததும், "டேரல் கடையில எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"மேவிஸ், அது வலிப்புடி."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன் வாயில நுரை வந்தப்பவே தெரியும். உன்னத் திருப்பிப் போடணும்னு கை வந்துச்சு. எல்லாரும் பாடிட்டு இருந்தாங்க. நானும் பாடினேன்."

அறையலாம் போல இருந்தது. "ஏன்டி?" என்று கத்தினேன்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே அவளுக்கு அத்தனை கறுப்பு. "அதுதான் வேணும்னு எத்தன மாசமா அங்க உக்காந்திருந்தேன்! அது வெறும் வலிப்புன்னா, அப்புறம் நான் எப்படிக்கா தூங்குவேன்?"

அவள் காரைக் கிளப்பினாள். வீட்டுக்குப் போக அந்த மரங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடியும் பிரயோஜனமில்லை, இமைக்குள் சிவப்பாக விட்டுவிட்டு அடித்தது.

"அடிக்குதா?" என்று மேவிஸ் கேட்டாள்.

"ஆமா."

வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையை நீட்டி என் இரண்டு கண்களையும் சேர்த்துப் பொத்தினாள். மரங்கள் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.