ரவுட்டருக்கு முன்னால் ஒரு நிறைகுடம்

1

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சுன்னாகச் சந்தையில் வெங்காயம் வாங்கி வந்த கையால் எழுதுகிறேன். அந்தக் கையின்மேல் சத்தியம்.

கதை பிறந்த விதம் இது: எங்கள் மகன் கஜானனுக்கு நோர்வேயில் கலியாணம். எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. அவன் தாலி கட்டுவதை நானும் மனைவி நாகேஸ்வரியும் காண ஒரே வழி, நடு அறையில் இருக்கும் கணினி. முகூர்த்தம் நெருங்குகிறது. இணையம் இல்லை.

(கைபேசியில் பார்க்கலாமே என்பீர்கள். மருமகளை நெருப்புப்பெட்டி அளவில் பார்க்க நாகேஸ்வரி சம்மதிக்கவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் கறுத்திருந்தது, அலைகள் வரும் வழியெல்லாம்..."

விட்டுவிட்டேன். வானம் வெளித்துத்தான் இருந்தது.

பிறகு: "இணையம் திருத்த வந்த ஷெரோன் என்ற பொடியன் ரவுட்டரைக் கண்டதும்..." ஷெரோனை உண்டாக்கியவன் நான். வந்ததும் வராததுமாக எல்லாம் தெரிந்தவன்போலச் சிரித்தான். என் கதையில் என்னைப் பார்த்துச் சிரிக்க ஒருவன் எதற்கு? போகச் சொல்லிவிட்டேன். ஆகவே எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியதாயிற்று. இந்த வயதில் அது பெரிய அலுப்பு.

ரவுட்டரை நிறுத்தி மறுபடி போட்டேன். கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன். கடவுச்சொல்லைத் திரும்ப அடித்தேன். திரையின் மூலையில் வைஃபையின் விசிறி அடையாளம் ஒரு கோடு காட்டியது. பிறகு அதுவும் போயிற்று. முன்னறைக்குப் போய்ப் பார்த்தேன். ரவுட்டரை ஒட்டி, அதற்கு நேர்முன்னால் ஒரு பித்தளைக் குடம். நிறையத் தண்ணீர், மாவிலை, முடித்தேங்காய்.

"உதை ஆர் இதிலை வைச்சது?"

"நான்தான். மருமேள் உந்த ரவுட்டருக்குள்ளாலைதானே வீட்டுக்கு வாறா. நிறைகுடம் வைக்காமல் எப்பிடி?"

"இஞ்சரப்பா, தண்ணியும் பித்தளையும் சேந்து வைஃபை அலையை மறிக்குது. கொஞ்சம் அங்காலை அரக்கி வையும்."

"வைச்ச நிறைகுடத்தைத் தாலி கட்ட முன்னம் அரக்கிறதோ? விசர்க்கதை கதையாதேங்கோ."

"அப்ப ரவுட்டரை அரக்குவம்."

"பிறகு குடம் ஆரை வரவேற்கிறது? சுவரையோ?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு நல்ல வசனம் எழுதப் பார்த்தேன்: "நாகேஸ்வரி, அன்பு என்பது..." [வேண்டாம். அவள் வாசிப்பாள்.]

"அவன் தாலி கட்டுறதைப் பாக்க ஆசையில்லையோ உமக்கு?"

அவள் சேலைத் தலைப்பால் குடத்தின் விளிம்பைத் துடைத்தாள்.

"ஆசைதான். ஆனா நான் பாக்கிறதிலும் பாக்க, அவன் நல்லாயிருக்கிறதெல்லே பெரிசு."

3

முடிவுகள் கைவசம் உண்டு. அவளே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள் என்று எழுதலாம். நாகேஸ்வரி அப்படிப்பட்டவள் அல்ல. கணினியை நான் முன்னறைக்குச் சுமந்தேன் என்றும் எழுதிப் பார்த்தேன். கதவடியில் வயர் முடிந்தது, நானும் முடிந்தேன்.

உண்மையில் நடந்தது இதுதான். போக வழியில்லாத அலைகள் குடத்துக்குள் இறங்கிவிட்டன. தண்ணீரிலிருந்து மேளச்சத்தம் கேட்டது. தேங்காயின் குடுமி தாளத்துக்கு ஆடியது. நாகேஸ்வரி மாவிலையை ஒரு விரலால் விலக்கிக் குனிந்தாள்.

"கெதியா வாங்கோ! கட்டப்போறான்!"

நான் கிட்டப் போனேனா, எதைக் கண்டேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. சொல்ல மிச்சமிருப்பது ஒரு தகவல்தான்: கஜானனின் கலியாணம் நோர்வேயில் அல்ல, இங்கே சாவகச்சேரியில்தான் நடந்தது, நாங்கள் இருவரும் மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றோம்.