மெயின் சுவிட்சில் கை வைத்தது யார்

ஜூன் மாதக் கடுங்குளிரில், சான் ஹுவான் திருநாளன்று விடிந்தபோது எங்கள் பால் சங்கத்துச் சில்லர் செத்துக் கிடந்தது. கட்டடத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் நிற்கிற இரும்புப் பெட்டி அது. பால் தொட்டியைக் குளிர வைக்கிற தண்ணீர் அதிலிருந்துதான் போகும். குழாய் நீளவாக்கில் பிளந்து, பனிக்கட்டி வெளியே பிதுங்கி நின்றது.

ஹூலியாக்கா டவுனிலிருந்து மெக்கானிக் வில்பர் வந்து பார்த்தான்.

"இது தானா நடந்ததில்ல, செனோரா. குளிர்காலத்துல இதுக்குக் கரண்ட் நிக்கவே கூடாது. மோட்டார் தண்ணியச் சுத்த விட்டுக்கிட்டே இருக்கணும். சாயங்காலம் குளிர் ஏறினா குழாயச் சுத்தியிருக்கிற வயர் தானா சூடாகும். நிறுத்தித்தான் ஆகணும்னா உள்ள இருக்கிற தண்ணிய முழுசா வடிச்சிரணும். யாரோ மெயின் சுவிட்ச இறக்கிட்டுப் போயிருக்காங்க."

"தண்ணியில உறையாம இருக்கிற மருந்து கலந்திருந்தா உறைஞ்சிருக்காதுல்ல?" என்றான் என் கணவன் சில்வேரியோ.

"நான் அப்பவே சொன்னேன். பாலுக்குப் பக்கத்துல மருந்தான்னு சண்டை போட்டது உங்க வீட்டம்மாதான்."

உண்மைதான். எனக்கு எதிலும் சந்தேகம் வரும். சங்கத்துத் தீவன மூட்டைகள் காணாமல் போனபோது திருடனைப் பிடித்தவள் நான். அதனால்தான் என்னைத் தலைவியாக்கினார்கள். 'யாரோ' என்று ஒருவன் சொன்னால் அந்த யாரோவுக்குப் பெயர் கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

வில்பர் சுவிட்ச் பெட்டியையும் திறந்து பார்க்கப் போனான். சில்வேரியோ குறுக்கே போய் நின்றுகொண்டான். "வயரிங் நான் போட்டது, அதுல ஒண்ணும் இல்ல. நீ குழாயப் பாரு." சங்கத்துக்கு எலெக்ட்ரீஷியன் அவன்தான். என் புருஷன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பெயர் கிடைக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சில்லருக்குப் பின்சுவரை ஒட்டி நிக்காசியோவின் மாட்டுப்பட்டி. மே மாதமே அவர் என்னிடம் வந்து, "கொமாத்ரே, இந்தப் பெட்டிய வேற பக்கம் மாத்த முடியாதா?" என்று கேட்டிருந்தார். ஏன் என்றதற்கு, "சும்மாதான்" என்றார். நாற்பது வயது ஆண்பிள்ளை சும்மா ஒரு சில்லரை இடம் மாற்றச் சொல்வாரா?

சில்வேரியோ அவருடைய மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த வகையில் அவர்கள் இருவரும் கொம்பாத்ரே, நான் கொமாத்ரே. இந்த உறவில் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசுவோம். பிறர் முன்னால் குறை சொல்லிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பெரிய கேவலம். இருந்தும் சங்கத்துச் சபையில் நான் எழுந்து அவர் பெயரைச் சொன்னேன். சங்கம் பெரியது என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

நிக்காசியோ மறுக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த சில்வேரியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளி என்பதற்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவருடைய பாலை வாங்குவதில்லை, அடுத்த ஞாயிறு வாக்கெடுத்துச் சங்கத்தை விட்டு நீக்குவது என்று முடிவாயிற்று. அதற்குள் தலைவி சாட்சி கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

வில்பர் புதுக் குழாய் போட்டுவிட்டுப் போனான். நான் சுவிட்சின் கைப்பிடியில் ஒரு நூலைக் கட்டினேன். மறுநாள் காலையில் சுவிட்ச் மேலேதான் இருந்தது, ஆனால் நூல் அறுந்திருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. யாரோ இறக்குகிறார்கள், பிறகு ஏற்றியும் வைக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றியது. சுவிட்ச் பெட்டியைப் பூட்டிவிடலாம் என்றால், அவசரத்துக்குக் கைக்கு எட்ட வேண்டும், பூட்டவே கூடாது என்று வில்பர் சொல்லியிருந்தான். காவல் நிற்கலாம் என்றால் சாயங்காலம் என் மாடுகளை யார் கறப்பது, ராத்திரி அந்த உறைபனியில் யார் நிற்பது?

கைப்பிடியில் கரி தடவி வைத்தேன். நிக்காசியோவுக்குக் கூட்டாளி யார் என்று பார்க்க, காலையில் பால் கொண்டுவந்த முப்பத்திரண்டு பேரின் கையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன தலைவி, ரேகை பாக்குறியா? எனக்கு இன்னொரு புருஷன் வருவானான்னு சொல்லேன்" என்றாள் பெத்ரோனா.

"இருக்கிறவனே உன்கிட்ட மாட்டிட்டு முழிக்கிறான். கையக் காட்டு."

முப்பத்திரண்டு பேர் கையிலும் கரி. சாண அடுப்பை மூட்டிவிட்டுத்தானே எல்லோரும் வருகிறோம். என் கையிலும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன், கம்பளி நூலுக்குப் போடுகிற ஊதாச் சாயப்பொடியைத் தூவி வைத்தேன். அது ஈரக்கை பட்டால் ஒரு வாரத்துக்குப் போகாது. நிக்காசியோவின் கையை ஊர் முன்னால் தூக்கிக் காட்டுவதாக நினைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் சில்வேரியோ அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துத் தின்றுகொண்டிருந்தான். இடது கையால் உரித்தான். அவன் இடது கைக்காரன் அல்ல.

"வலது கை எங்க?"

"இருக்கு."

"போன்சோப் போர்வைக்குள்ள என்னத்தப் பொத்தி வச்சிருக்க? எடு வெளிய."

எடுத்தான். கட்டைவிரலும் உள்ளங்கையும் ஊதா.

எனக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்தேன். இதற்கு யோசிக்கவில்லை.

"நான் இறக்கல, தியோதோரா. ஏத்தித்தான் வைக்கிறேன்."

"அப்ப இறக்குறது யாரு?"

"கொம்பாத்ரே."

கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினான். எர்த் கம்பி நடக் குழி தோண்டப் போனபோது தரை உறைந்து பாறையாக இருந்திருக்கிறது. இளகியதும் தோண்டிக்கொள்ளலாம் என்று, எர்த் வயரைப் பக்கத்தில் போகிற தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டான். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்று சுவிட்ச் பெட்டிக்குள் இருந்தது. அது தினமும் சாயங்காலம் விழுந்தது. சும்மா சும்மா விழுகிறது என்று அதையும் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டான். அது சும்மா விழவில்லை. குழாயைச் சூடேற்றுகிற வயரை எலி கடித்திருந்தது.

"அந்தத் தண்ணிக் குழா எங்க போகுது?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். அவன் வாயால் வர வேண்டும் என்று கேட்டேன்.

"அவரு மாட்டுத் தொட்டிக்கு."

"அவரு உன்கிட்டச் சொன்னாரா?"

"மே மாசமே சொன்னாரு. சாயங்காலம் மாடு தொட்டியில வாய் வச்சா துள்ளி ஓடுது, சுவிட்ச இறக்கினா குடிக்குதுன்னு. நான்தான், மாடு குடிக்கிற வரைக்கும் நீங்க இறக்கி வைங்க, ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் நான் ஏத்திடறேன்னு சொன்னேன். உன்கிட்டச் சொல்ல வேணாம்னும் கேட்டுக்கிட்டேன். உன் வாய்க்குப் பயந்துதான்."

"சான் ஹுவானுக்கு முந்தின ராத்திரி?"

அவன் உரித்த கிழங்கையே கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அன்று நெருப்பு மூட்டிக் குடித்த கூட்டத்திலிருந்து இவனைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கையில் போட்டவள் நான்தான்.

"வயருன்னா என்னன்னு தெரிஞ்சவன்தானே நீ? மாட்டுக்குப் பதிலா அவரு புள்ள கை வச்சிருந்தா? உன் ஞானப் புள்ளய்யா அது."

கிழங்கைக் கீழே வைத்துவிட்டு அழுதான். நான் தேற்றவில்லை.

அப்போதே போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். வில்பர் சொன்னபடி அடியிலிருந்த திருகைத் திறந்து கடைசிச் சொட்டு வரைக்கும் தண்ணீரை வடித்தேன். அன்றைய பாலை உடனே பாலாடைக்கட்டிக்குப் போடச் சொன்னேன். பிறகு நிக்காசியோவின் பட்டிக்குப் போனேன்.

அவர் மனைவி உர்சுலா வாசலை விட்டு நகரவில்லை. கொமாத்ரே உறவை விட்டுவிட்டு 'நீ' என்றே ஆரம்பித்தாள்.

"தண்ணியில நீதான் எதையோ போட்டேன்னு நெனச்சேன். கோக்கா இலை போட்டுக் குறி பாத்தேன், உன் வீட்டுப் பக்கம்தான் காட்டுச்சு. இவருதான் இல்லவே இல்லன்னு சாதிச்சாரு. நல்ல கறவை ஒண்ணு வத்திப் போச்சு, தெரியுமா?"

"இலை சரியாத்தான் காட்டியிருக்கு" என்றேன்.

நிக்காசியோ தொட்டியடியில் நின்றிருந்தார். அவர் விரல்களிலும் ஊதா.

"சபையில ஏன் வாயத் திறக்கல?"

"கொம்பாத்ரே எதிர்லதான உக்காந்திருந்தாரு. அவரு சொல்லுவாருன்னு பாத்தேன். அவரே சொல்லாதப்ப, ஊர் முன்னால நான் எப்படிச் சொல்றது?"

"சங்கத்த விட்டுத் தூக்கியிருப்பாங்களே."

"ஆமா" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். சில்வேரியோவை எழுப்பி நிறுத்தி அவன் வாயாலும் சொல்ல வைத்தேன். அவனிடமிருந்து எலெக்ட்ரீஷியன் வேலையை எடுத்து வில்பரிடம் கொடுத்தார்கள். நிக்காசியோவை நீக்கும் பேச்சு எழவே இல்லை. நான் அவர் எதிரில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை, காய்ந்த சாணத்தைக் குவித்து எரித்துத் தரையை இளக்கினார்கள். சில்வேரியோவும் நிக்காசியோவும் கடப்பாரை போட்டுக் குழி தோண்டினார்கள். வில்பர் எர்த் கம்பியை நட்டான், கடிபட்ட வயரை மாற்றினான், கழற்றிய சுவிட்சைத் திரும்ப மாட்டினான். அன்று சாயங்காலம் சில்லர் ஓட ஓட மாடுகள் தொட்டியில் தலையை விட்டுக் குடித்தன.

மறுநாள் காலையில் நிக்காசியோ பால் கேனோடு வந்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு வருகிறார். எல்லோர் பாலையும், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானி விட்டுப் பார்த்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது சங்கத்து விதி. அன்று நான் மானியை ஓரமாக வைத்துவிட்டு, கேனை அப்படியே வாங்கக் கை நீட்டினேன்.

அவர் கேனை விடவில்லை.

"நல்லா சோதிச்சுப் பாத்துட்டு எடுத்துக்கங்க, தலைவியம்மா. பின்னால சந்தேகம் வரக் கூடாது."

கொமாத்ரே போய்த் தலைவியம்மா ஆகியிருந்தேன். வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மானியை எடுத்து விட்டேன். பால் சுத்தமாக இருந்தது. அதை வாயால் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.