பொய் ஆணி

தகரக் கூரைமேல் நடப்பதற்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஆணி வரிசையில் கால் வை. ஆணி இருக்கிற இடத்தில் அடியில் குறுக்கு மரம் இருக்கும், மரம் ஆளைத் தாங்கும். ஆணி இல்லாத இடம் வெறும் தகரம். அதில் மிதித்தால் தகரம் மடங்கும், ஆள் கீழே போவான். இதைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. இதை அட்சரம் பிசகாமல் செய்தும் என் தங்கை புருஷன் ராஜாராம் செத்தான் என்றால் அது யார் வேலை? என் வேலை. சடையப்பன் வேலை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு நாள் சுற்றி வளைத்தது போதும்.

முட்டுக்காட்டுக்குத் தெற்கே உப்பங்கழியோரமாக ஓர் உப்புக் கம்பெனிக்கு மூன்று கிடங்குகள். எல்லாம் நெளி தகரக் கூரை. உள்ளேயும் உப்பு, கடல் காற்றில் வெளியேயும் உப்பு. நடுவில் மாட்டிக்கொண்ட தகரம் எத்தனை வருஷம்தான் தாங்கும்? அதனால் வருஷா வருஷம் புரட்டாசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், நல்ல தண்ணீர் ஊற்றிக் கூரையைக் கழுவ வேண்டும். தேங்காய் நாரால்தான் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் போடுகிறவன் தகரத்துக்கு எமன். மேல் பூச்சு போய்விட்டால் மறு வருஷமே துரு தின்றுவிடும். பனி காய்ந்த பிறகு ஏற வேண்டும், வெயில் உச்சிக்கு வருமுன் இறங்க வேண்டும். நீளப் பலகை ஒன்றை இரண்டு மரங்களுக்கு எட்டும்படி போட்டு அதன்மேல் நடந்தால் இன்னும் நல்லது. எங்களிடம் பலகை ஒன்று இருந்தது. ஆனால் கால்வாயில் படகு வந்துவிட்டால் மூட்டை ஏற்ற அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கேட்டால் நம்மையே முறைப்பார்கள்.

மூணாம் நம்பர் கிடங்கில்தான் என் கைவரிசை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகைக் காற்று அதன் கூரையைப் பிய்த்துப் போட்டது. கம்பெனிக்காரர்கள் புதுத் தகரமா வாங்குவார்கள்? சண்டைக் காலத்து மிலிட்டரி கொட்டகையைப் பிரித்து ஏலம் விட்ட தகரத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் பழைய ஆணிப் பொத்தல்கள், வரிசை வரிசையாக, நம் மரங்களுக்குச் சரியாக நடுவில். தார் தோய்த்த துணியால் அடைத்தேன். சித்திரை வெயிலில் தார் உருகிக் கொட்டியது. கோடை மழையில் உப்பு நனைந்தது. மானேஜர் வேதாந்தம் அத்தனை பேருக்கு எதிரில் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு கூடை ஆணியோடு ஏறினேன். பொத்தலுக்கு ஒரு வாஷர், வாஷருக்கு ஓர் ஆணி, அடியில் முனையை மடக்கு. மரம் கிரம் ஒன்றும் கிடையாது, பொத்தலை அடைக்க மட்டும் ஆணி. அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வேதாந்தம் எட்ட நின்று பார்த்து, "பலே! கோடு போட்டாப்பல இருக்கேடா சடையப்பா" என்றார். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

எந்த வரிசை மெய், எந்த வரிசை பொய் என்று எனக்குத் தெரியும். ஓரத்திலிருந்து எண்ணி, ஒன்று விட்டு ஒன்று மிதிப்பேன். பொய் வரிசையில் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தால் போதும். இழுக்கவில்லை. நான்தானே ஏறப்போகிறேன், எனக்குத் தெரியாதா என்கிற திமிர்.

ராஜாராம் இந்த வருஷம்தான் என்னோடு கூரை வேலைக்கு வந்தான். ஏரி வற்றிப் பயிர் போனதால் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு காலத்தில் அவன் பெருங்குடிகாரன். மதுவிலக்கு வந்த பிறகும் பனந்தோப்புக்குள் புகுந்து எதையாவது குடித்துவிட்டு வருவான். இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கை வசந்தா அவனைத் திருப்போரூர் முருகன் சன்னிதிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அதோடு விட்டான். அவள் தலை நிமிர்ந்து நடந்ததே அந்த இரண்டு வருஷம்தான். "எங்க வூட்டுக்காரரைப் பாத்துக் கத்துக்கோங்கடா" என்று தெருவில் குடித்துவிட்டு வருகிறவனையெல்லாம் நிறுத்தித் திட்டுவாள்.

அன்றைக்கு நான் தார் வாங்கச் செங்கல்பட்டு போனேன். "ரெண்டாம் நம்பரை முடி மச்சான். மூணாம் நம்பரை நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏன் என்று சொன்னேனா? சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவன் ரெண்டாம் நம்பரைச் சீக்கிரமே முடித்துவிட்டான். மச்சான் வருவதற்குள் மூணாம் நம்பரையும் கழுவி வைத்தால் மச்சான் சந்தோஷப்படுவான் என்று ஏணியைத் தூக்கி மாற்றினான். கீழே பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தவன் சாலமோன். கோவளத்துப் பையன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் மேலே பார்த்து, "அண்ணாத்த, பலகை படகுல கீது, வரட்டும்" என்று கத்தியிருக்கிறான். ராஜாராம் சிரித்தானாம். "எம் மச்சான் அடிச்ச ஆணிடா. பாரு, எவ்ளோ நெருக்கமா கீது. கண்ணை மூடிக்கினு நடக்கலாம்" என்றானாம். சொல்லி நாலு எட்டு வைப்பதற்குள் தகரத்தோடு கீழே வந்துவிட்டான். கீழே மூட்டை இருந்தாலாவது பிழைத்திருப்பான். கருங்கல் தரை.

நான் தார் டின்னோடு வந்து சேர்ந்தபோது அவன்மேல் கோணியைப் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் மடங்கிப்போன தகரம். அதில் என் ஆணிகள் வரிசையாக. எனக்கு உடம்பெல்லாம் விறைத்துவிட்டது. ஆனால் கை மட்டும் வேலை செய்தது, பாருங்கள். "இதைப் பாக்க முடியலடா" என்று அழுதுகொண்டே அந்தத் தகரத்தை இழுத்துப்போய்க் கழியில் தள்ளினேன். அழுகை நிஜம். தள்ளியதும் நிஜம்.

வேதாந்தம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆணிமேல நடக்கறவன் எப்படிடா விழுவான்? கண்ணை மூடிண்டு நடக்கலாம்னு சிரிச்சானாமே. போட்டிருப்பானோ?" என்று என்னைப் பார்த்தார். "உன் மச்சான்தானே, சொல்லு. குடிக்கற பழக்கம் உண்டா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டு பென்சிலோடு நின்றார்.

"முன்னாடி குடிப்பாருங்க சாமி" என்றேன்.

பொய்யா சொன்னேன்? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த மெய்யை வைத்துத்தான் செத்தவனை இன்னொரு தடவை கொன்றேன். ஏட்டு எழுதிக்கொண்டார்.

சேதி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. பிணத்தை இறக்கியபோது வசந்தா அழவில்லை. நடு வாசலில் நின்றுகொண்டு கத்தினாள். "கற்பூரத்தை அணைச்ச கையி காயறதுக்குள்ள குடிச்சிட்டியா? முருகன் சும்மா வுடுவானா? நல்லா வேணும்யா உனக்கு!" வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். தட்டைத் தள்ளிவிட்டாள். "சத்தியம் தப்பின வாயிக்கு நான் அரிசி போட மாட்டேன்" என்றாள். யார் யாரோ கெஞ்சினார்கள். நானும் கெஞ்சினேன், வெட்கம் கெட்டவன். அவள் அசையவில்லை. அவள் கையால் ஒரு மணி அரிசி இல்லாமல் அவனைக் கொண்டுபோய் எரித்தோம்.

அதன்பிறகு தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். கூழ் ஊற்றிக் கொடுப்பாள். "நீ இல்லாங்காட்டி நானும் புள்ளையும் இன்னா ஆவறது அண்ணா" என்பாள். அடுத்த வாக்கியமே அவனைத் திட்டுவாள். ஆறு வயசுப் பெண் குழந்தை, அதுவும் அப்பாவைத் திட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. நான் வாயைத் திறந்தால் அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைப்பான், எனக்குத் தங்கை போய்விடுவாள். இவ்வளவுதான் கணக்கு. கூழைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினெட்டாம் நாள் வசந்தா கிடங்குக்கு உப்பு வாரும் வேலைக்கு வந்தாள். வேதாந்தம்தான் போட்டுக் கொடுத்தார், அந்த மனுஷரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கடல் பக்கம் மேகம் கருக்கலாக ஏறிக்கொண்டு வந்தது. கூரையில் ஓட்டை அப்படியே இருந்தது, மேலே ஒரு தார்ப்பாய் மட்டும். "மழைக்குள்ள தகரம் போட்டாகணும், சடையப்பா ஏறு" என்றார் வேதாந்தம்.

நான் ஏறத்தான் நினைத்தேன். தனியாக ஏறி அத்தனை பொய் ஆணியையும் பிடுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி இறங்கிவிடலாம் என்று பத்து நாளாகத் திட்டம். ஏணியில் நாலாவது படிக்கு மேல் கால் ஏறவில்லை. இறங்கிவிட்டேன். "பாவம், வுடுங்க சாமி, நான் போறேன்" என்று சாலமோன் ஏணியைப் பிடித்தான்.

"பலகை வரட்டும்டா" என்றேன்.

"பலகை வர்றதுக்குள்ள மழை வந்துடும் அண்ணாத்த. நான் இன்னா குடிச்சிட்டா ஏறப்போறேன்? ஆணி பாத்து நடப்பேன்" என்று சொல்லி ஏறிவிட்டான்.

உப்புக் கூடையோடு வசந்தா கதவருகே வந்து நின்றாள். மேலே சாலமோன் ஓரத்து வரிசையை மிதித்தான். அது மெய். அடுத்த வரிசைக்குக் காலைத் தூக்கினான்.

"டேய் சாலமோன்! காலை எடுடா! அது பொய் ஆணிடா!"

என் தொண்டைதான் கத்தியது. அந்த வார்த்தையை அதற்கு முன் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சாலமோன் தூக்கிய காலோடு அப்படியே நின்றான்.

"இன்னா ஆணி?"

"பொய் ஆணி! அடியில மரம் கெடையாது! வந்த வழியே எறங்குடா, உன் புள்ளைங்க நல்லாருக்கணும், எறங்கு!"

அவன் வந்த வழியே இறங்கி வந்தான். வேதாந்தம் முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார்.

"நான் அடிச்சதுங்க சாமி. பொத்தலை அடைக்க அடிச்சது."

வசந்தா கூடையைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணா, அவரு எதை மிதிச்சாரு?"

"அதைத்தாம்மா."

"ஆணி மேலதான் கால வெச்சாரா?"

"ஆமாம்மா. சரியாத்தான் வெச்சான்."

"அப்போ குடிக்கல."

"குடிக்கல."

அவள் முகத்தில் வந்ததை நான் எப்படிச் சொல்வேன்? சந்தோஷம். சாமி சத்தியமாகச் சந்தோஷம். "குடிக்கல சாமி! எங்க வூட்டுக்காரரு குடிக்கல!" என்று வேதாந்தத்தைப் பார்த்துக் கூவினாள். சாலமோனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம்தான் அவளுக்கு அது உறைத்தது. தன் வாயிலேயே மடேர் மடேர் என்று அடித்துக்கொண்டாள். "அய்யோ, ஒரு பிடி அரிசி போடலியே! எரிச்சிட்டாங்களே! எங்க போயி எந்த வாயில போடுவேன்?" என்று உப்பிலேயே விழுந்து புரண்டாள். நான் தூக்கப் போனேன்.

"தொடாத."

அவளாகவே எழுந்தாள். உப்பைத் தட்டவில்லை. "நட. எழுதினவங்ககிட்ட வந்து சொல்லு" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷன் கேளம்பாக்கத்தில், நாலு மைல். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். கரையில் படகுக்கார அப்பாசாமி உட்கார்ந்திருந்தார். வசந்தா அவர் எதிரில் நின்றாள். "பெரியவரே, எங்க வூட்டுக்காரரு குடிக்கல. இவன் அடிச்ச பொய் ஆணியை நம்பி ஏறினாரு, செத்தாரு" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "சொல்லு" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் விறகுக் கட்டோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களையும் நிறுத்தினாள், அதையே சொன்னாள். "சொல்லு" என்றாள். "ஆமாங்க" என்றேன். அப்புறம் ஒரு வண்டிக்காரன். அப்புறம் யாரென்றே தெரியாத ஒரு கிழவர், காது கேட்காதவர். அவருக்கு இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்குக் கேளம்பாக்கத்தில் சந்தை. வழியெல்லாம் ஆள்.