இரண்டு ஒன்றாம் எண்

எந்தக் கிறுக்கனாவது ஒரே சுவரின் கற்களுக்கு இரண்டு முனையிலிருந்தும் ஒன்று, இரண்டு என்று எண் போடுவானா? போட்டோம். இடது முனையிலிருந்து நான், வலது முனையிலிருந்து என் மனைவியின் தம்பி. நடுவில் சந்தித்ததும் வேலை முடிந்ததென்று டீ குடிக்கப் போய்விட்டோம்.

ஆற்றங்கரையில் புது நடைபாதை வருகிறது. குறுக்கே நின்றது பழைய படகுத்துறைச் சுவர். அதைக் கல் கல்லாகப் பிரித்து, பத்தடி தள்ளி அப்படியே திரும்பக் கட்ட வேண்டும். தொல்லியல் மேடம் சண்டை போட்டு வாங்கிய அனுமதி அது. "கல்லு இடம் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சா, இது பழைய சுவரே இல்லைன்னுடுவாங்க மேஸ்திரி. பள்ளம் நிரப்ப லாரியில ஏத்திடுவாங்க," என்று சொல்லித்தான் என்னிடம் ஒப்படைத்தார்.

பிரித்துக் குவித்த பிறகுதான் விளங்கியது. ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு கல். மேடம் எடுத்த படமும் உதவவில்லை. அப்போது பாதிச் சுவர் சேற்றுக்குள் இருந்தது.

"நீங்கதானே மாமா நம்பர் போடச் சொன்னீங்க?"

"நீயும் ஒண்ணுலேர்ந்தா போடுவ?"

"பின்ன, எதுலேர்ந்து எண்ணுவாங்க?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒன்பது நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பொருந்தியதை வைத்தோம், பொருந்தாததைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் ஆப்பு மாதிரி ஒரு கல் மிஞ்சியது. எங்கேயும் உட்கார மாட்டேன் என்றது. மூலையில் ஒரு சந்து இருந்தது, தலைகீழாகச் செருகினேன். சனியன், கச்சிதமாக உட்கார்ந்தது.

மேடம் வந்தார். கூடவே நடைபாதை வேலையின் பொறியாளர், அவர் பின்னால் ஒரு காலி லாரி.

"எல்லாக் கல்லும் அதனதன் இடத்துலதானே மேஸ்திரி?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் லாரியைப் பார்த்தேன்.

"ஆமாங்க."

எவ்வளவு பொய், எவ்வளவு நிஜம் என்று எனக்கே தெரியவில்லை. பாதி சரியாகக்கூட இருக்கலாம்.

மேடம் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். மூலையில் நின்றுவிட்டார். "இதைப் பாருங்க. ஆப்பைத் தலைகீழா வச்சிருக்கான். வெள்ளம் தள்ளத் தள்ள இன்னும் இறுகும். அந்தக் காலத்துலேயே என்ன மூளை!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வந்தது பெருமையா வெட்கமா, இன்றுவரை புரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பொறியாளர் லாரியைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையாட்டினார். மூடிக்கொண்டேன்.

மேடம் அந்தத் தலைகீழ் ஆப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.