இடப்பக்கம் இழுக்கும் கார்

அந்த வீட்டுக் கார் யாரும் தொடாமலேயே இடப்பக்கம் போகும். நிஜக் கார் அல்ல, கம்ப்யூட்டர் திரையில் ஓடும் பந்தயக் கார். ஓட்டுகிறவள் கல்லூரியில் படிக்கும் தங்கை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து கதவுப் பூட்டு வரைக்கும் எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவள் பெயர் திருப்புளி. காரை இழுத்தது அவள் கையிலிருந்த ஒயர் இல்லாத கன்ட்ரோலர். அதில் காரைத் திருப்பும் குமிழான இடது ஸ்டிக்குக்கு மாதக்கணக்கில் பேய் பிடித்திருந்தது. அவளும் சளைக்காமல் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளித் தள்ளியே காரை நேர்வழியில் நடத்திவந்தாள்.

அண்ணன் இதே மாதிரி கன்ட்ரோலர்களை விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். கடையில் கட்டும் டையை வீட்டிலும் கழற்றுவதில்லை. தீர்ப்பையும் டையோடுதான் சொன்னான்: இதெல்லாம் ரிப்பேர் ஆகாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு.

"முடியாதா, கூடாதா?"

"ரெண்டும்தான். நீ கை வெச்சா மொத்தமா போயிடும்."

போனால் கம்ப்யூட்டர் அவன் அறைக்கு. சரியானால் அவள் பொருள் எதைப் பற்றியும் இனி அவன் வாய் திறக்கக் கூடாது. பந்தயம் முடிவாயிற்று. அம்மா நடுவர். அம்மாவுக்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், அவன் வாயும் வேண்டாம் என்பதால் நடுநிலைக்குக் குறைவில்லை.

கன்ட்ரோலரின் முதுகில், பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரு ஸ்டிக்கர் மிரட்டியது. முக்கியமான திருகாணி அதற்கு அடியில்தான் பதுங்கியிருந்தது. மிரட்டல்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு திருகாணிதான் என்று நினைத்தபடி திருப்புளி ஸ்டிக்கரைக் குத்திக் கிழித்தாள்.

காலாவதியான அடையாள அட்டையை இடுக்கில் விட்டு நெம்பினாள். பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். ஸ்டிக்கின் அடியில் ஒரு குட்டிப் பெட்டி, அதன் பக்கவாட்டில் நகத்தளவு மூடி. ஊசியால் தூக்கினால் உள்ளே கறுப்பாக ஒரு தடம். ஸ்டிக் அசையும்போதெல்லாம் மெல்லிய தகடு ஒன்று அந்தத் தடத்தில் உரசி, எந்தப் பக்கம் எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். உரசி உரசிக் கரித்தூள் சேர்ந்துவிட்டது. யாரோ இடப்பக்கம் தள்ளுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் அந்தத் தூளை நம்பிக்கொண்டிருந்தது. பேயாவது பிசாசாவது, வெறும் அழுக்கு. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, மூடினாள்.

சாயங்காலம் மூவரும் திரை முன் உட்கார்ந்தார்கள். கன்ட்ரோலரின் விளக்கு மினுக்கி மினுக்கி நிலைத்தது. கார் புறப்பட்டது. புறப்பட்ட வேகத்தில் வலப்பக்கச் சுவரில் போய்ச் சொருகியது. மறுபடி ஓட்டினாள். மறுபடி வலச் சுவர்.

"முன்னாடி இடது பக்கம் இழுத்துது, இப்போ வலது பக்கம். முன்னேற்றம்தான்" என்ற அண்ணன், கம்ப்யூட்டர் ஒயரைச் சுருட்ட எழுந்தான்.

திருப்புளி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது இல்லாத பேயோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"உக்காருடா. கன்ட்ரோலர் சரியாத்தான் இருக்கு. என் விரல்தான் பழக்கத்துல தள்ளுது."

"அப்ப விரலை மாத்து."

"உன் கடையில கிடைக்குமா?"

அம்மா சிரிப்பை இருமலாக மாற்றினாள். திருப்புளி இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வலது விரலால் வேகத்துக்கான விசையை மட்டும் அழுத்திப் பிடித்தாள். ஸ்டிக்கை யாரும் தொடவில்லை. கார் நூல் பிடித்த மாதிரி சாலை நடுவில் பறந்தது. தூரத்தில் ஒரு வளைவு வந்தது.

"திருப்பு, திருப்பு" என்று பதறியவன் அண்ணன்தான்.

அவள் திருப்பவில்லை. கார் துளியும் பிசகாமல் வேலியை உடைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்தபடி கடலில் விழுந்தது.

அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மூழ்கும் காரைப் பார்த்தாள்.

"நேராத்தானே போச்சு" என்றாள்.

அண்ணன் வாயைத் திறந்தான். பந்தயம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். டையை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டான்.