மூன்றாவது வரிசை லாக்கர்

பாத்திமா மேரி அந்த விமானக் கம்பெனியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஐந்து மாதம் போனால் வேலை நிரந்தரம். அதுவரை அவளுடைய பிழைப்பு, கூட வரும் சீனியர் எழுதித் தரும் குறிப்பில்தான் இருந்தது. சீனியர் சென்னைக்காரி. முதல் வாரத்தில் மேரி ஒரு கிழவரிடம் வாய் தவறி ஊர்ப் பேச்சில் "செத்த குந்துங்க" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, அன்று முழுவதும் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு மேரி தமிழ்ப் பயணிகளிடமும் இங்கிலீஷிலேயே பேசினாள். கீழ்வேளூர் பக்கத்தில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்த குடும்பத்துப் பெண் அவள் என்பது விமானத்தில் யாருக்கும் தெரியாது.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதும் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வருகிறவர்கள் கைகொள்ளாத சாமான்களோடுதான் வருவார்கள். தலைக்கு மேல் இருக்கும் லாக்கர்கள் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். முதல் வரிசையில் ஒரு பக்கத்து லாக்கர் மட்டும் பணியாளர்களுக்கு, மற்றதெல்லாம் பயணிகளுக்கு என்பது விதி. அன்றைக்கு சீனியர் வாங்கியிருந்த சாக்லேட்டும் சென்ட்டும் ரைஸ் குக்கரும் மூன்று அட்டைப்பெட்டிகளாக முதல் இரண்டு வரிசைகளையும் அடைத்துக்கொண்டன. மேரியும் சும்மா வரவில்லை. தங்கையின் கல்யாணத்துக்கென்று ஒரு பீங்கான் டின்னர் செட் வாங்கி, சிவப்பு டிராலிப் பையில் துணி சுற்றி வைத்திருந்தாள். அதை மூன்றாவது வரிசை லாக்கரில் வைத்தாள். பாதி லாக்கர் அதற்கே போயிற்று.

பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் பின்னாலிருந்து கூட்டத்தை எதிர்த்து முன்னால் வந்தார். கையில் பழுப்பு நிற ரெக்சின் பை. அவருடைய இடம் பத்தொன்பதாம் வரிசை. அங்கே மேலேயும் இடமில்லை, காலடியிலும் பக்கத்து ஆளின் மூட்டை.

"அம்மா, இதை மடியிலயே வச்சுக்கிறேனே. முக்கியமான பத்திரம் இருக்கு" என்றார்.

மடியில் வைக்கக் கூடாது என்று மேரி சைகை காட்டினாள். சிவப்புப் பைக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் காட்டினாள். அவர் பையை அங்கே வைத்துவிட்டு இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஒம்பது வீட்டு சமாச்சாரம்மா. செம்பியன்திடல், கீழ்வேளூர் பக்கம். செவ்வாக்கிழமை விசாரணை. இதைக் காட்டுனாத்தான் மனைக்கட்டு எங்களுக்கு நிக்கும். இங்கயே இருக்கட்டுங்களா?"

மேரிக்கு அந்த ஊர் தெரியும். செம்பியன்திடல் மேட்டுத்தெருவில்தான் அவளுடைய பெரியம்மா சூசையம்மாள் இருந்தாள். சின்ன வயதில் ஒவ்வொரு அறுப்புக்கும் போய்த் தங்கிய தெரு. ஆனால் சீனியர் இரண்டடி தள்ளி நின்றாள்.

"ஓகே சார், நோ பிராப்ளம்" என்றாள் மேரி. அவர் திருப்தியோடு போய் உட்கார்ந்தார்.

கதவு சாத்தும் நேரத்தில் மூன்றாவது வரிசைக்காரர் வந்து சேர்ந்தார். பெரிய சூட்கேஸ். லாக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, என் சீட்டுக்கு மேலே எனக்கே இடம் இல்லையா என்று சத்தம் போட்டார். சீனியர் ஓடி வந்தாள். பழுப்புப் பையைத் தொட்டு, இது யாருடையது என்று முன்வரிசைகளைப் பார்த்து இங்கிலீஷில் ஒரு தடவை கேட்டாள். பதில் இல்லை.

"கீழே இறக்கிக் கொடுத்துடு. லோடர் நிக்கிறான்."

"மேடம், அது பின்னாடி..."

"பின்னாடி போய்க் கேட்டுக்கிட்டு இருக்க நேரம் இல்லை. ஏற்கெனவே லேட். வேற எதை இறக்கறதா உத்தேசம்? உன் பையையா, என் பெட்டியையா?"

மேரி லாக்கரைப் பார்த்தாள். சிவப்புப் பையை இறக்கியிருக்கலாம். சரக்கோடு போட்டால் பீங்கான் உடைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. பழுப்புப் பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகே நின்ற ஆளிடம் கொடுத்தாள். டேக் எங்கே என்று அவன் கேட்டான். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கதவு சாத்தப்பட்டது.

நாலு மணி நேரப் பயணத்தில் பத்தொன்பதாம் வரிசையை அவள் மூன்று தடவை கடந்தாள். மூன்றாவது தடவை அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்தார். இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம், சாமான் பெல்ட்டில் வந்துவிடும், அதற்குள் எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று மேரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

திருச்சியில் எல்லோரும் இறங்கும்வரை அவர் பொறுமையாக இருந்தார். பிறகு முன்னால் வந்து லாக்கருக்குள் எட்டிப் பார்த்தார். மேரி அப்போதுதான் தன் சிவப்புப் பையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் பையி?"

கீழே சரக்கோடு வந்திருக்கும், பெல்ட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மேரி இங்கிலீஷில் சொன்னாள்.

"யாரு எடுத்தது?"

மேரி சிவப்புப் பையின் கைப்பிடியை இழுத்துச் சரிசெய்தாள். சீனியர்தான் குறுக்கே வந்து, சொந்த சீட்டுக்கு மேலே வைக்காத பைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றாள்.

பெல்ட்டில் பை வரவில்லை. டேக் இல்லாத பையை எந்த நம்பரை வைத்துத் தேடுவது? புகார் எழுதி வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து மேரியின் அம்மா சகாயம்மாள் போனில் அழுதாள். "பெரியம்மா வூட்டை இடிச்சிட்டாங்கடி. மேட்டுத்தெரு முழுக்கப் போச்சு. அக்கா நம்ம வூட்லதான் வந்து கெடக்கா."

நடந்ததை அம்மாவே சொன்னாள். மேட்டுத்தெருவின் ஒன்பது வீடுகளும் பண்ணையாரின் நிலத்தில் இருந்தவை. அறுபது வருடக் குடியிருப்பு. பட்டா கேட்டு இந்தக் கட்சி ஆட்சியிலும் மனுக் கொடுத்தார்கள், அந்தக் கட்சி ஆட்சியிலும் கொடுத்தார்கள். பண்ணையார் செத்த பிறகு அவர் தம்பிகள் நிலம் மொத்தத்தையும் ஒரு கம்பெனிக்குப் பேசி முடித்தார்கள். பண்ணையாரின் மகன் இளையபெருமாள் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே கட்டட வேலை பார்த்த மேட்டுத்தெரு ராஜாங்கம், லீவு நாளெல்லாம் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, இரண்டு வருடம் நடையாய் நடந்து, மனை ஒன்பதும் குடியிருக்கிறவர்களுக்கே என்று தூதரகத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். அந்தக் காகிதம்தான் விசாரணைக்கு வந்து சேரவில்லை. சித்தப்பாமார்களுக்கு விஷயம் தெரிந்து நெருக்கவும், இளையபெருமாள் இன்னொரு தரம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

"பை பத்தொம்பதாம் நாள் வந்துச்சாம். எல்லாம் முடிஞ்ச பெறவு" என்றாள் சகாயம்மாள். "வேணுமின்னே பைய வராமப் பண்ணிட்டு, பிளேன்ல தொலைஞ்சுதுன்னு கதை கட்டுறான் அந்த ராஜாங்கம். கம்பெனிக்காரன்கிட்ட வெல போயிட்டான். ஊரே காறித் துப்புது."

மேரி அடுத்த விடுப்பிலேயே செம்பியன்திடல் போனாள். ராஜாங்கமும் மனைவி ராசம்மாளும் வாய்க்கால் கரையில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே இருந்தார்கள். மற்ற குடும்பங்களின் கூரைகள் ஐம்பதடி தள்ளி வரிசையாக இருந்தன. அவர்களுடைய கூரை மட்டும் தனியாக நின்றது.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

"தெரியும்மா. ஓகே சார்னு சொன்னீங்க."

"நான் சூசையம்மா தங்கச்சி மவ."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வார்த்தை தமிழ்ல பேசியிருக்கலாமே" என்றார்.

மேரி எல்லாவற்றையும் சொன்னாள். ராசம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். ராஜாங்கம் மட்டும், "இத எழுதிக் குடுங்க. போன மனை வராது. என் பேராவது எனக்கு வரட்டும்" என்றார்.

அவள் அங்கேயே எழுதினாள். சீனியரின் அட்டைப்பெட்டிகளை எழுதினாள். தாமதமாக வந்த சூட்கேஸை எழுதினாள். அவர் வாங்கி நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"உங்க சிவப்புப் பைய எழுதலியேம்மா. நீங்க எறக்குனப்ப நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்?"

மேரி காகிதத்தைத் திரும்ப வாங்கி அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு ராஜாங்கம் அதைப் படித்தார். சூசையம்மாளையும் வரவழைத்திருந்தார்கள். படித்து முடித்ததும் கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "இது சூசையம்மா தங்கச்சி மவதானே? இவளையும் புடிச்சுட்டானா நெலம் வாங்குன கம்பெனிக்காரன்?" இரண்டு பேர் தலையாட்டினார்கள். சிலர் ராஜாங்கத்தை ஏறிட்டுப் பார்க்காமல் நகர்ந்தார்கள். அவர்கள் நம்பினார்களா இல்லையா என்று தெரியவில்லை.

சூசையம்மாள் கிட்டே வந்தாள்.

"பையில என்னடி வச்சிருந்த?"

"தட்டு பெரியம்மா. தங்கச்சி கல்யாணத்துக்கு."

"சோறு திங்கிற தட்டா?"

மேரி தலையசைத்தாள். சூசையம்மாள் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மேரி அழுதிருப்பாள். அன்றிரவு சூசையம்மாள் தங்கை வீட்டுக்குத் திரும்பாமல் வாய்க்கால் கரையிலேயே தங்கிவிட்டாள்.

காகிதத்தின் நகல் ஒன்றை மேரி விமானக் கம்பெனிக்கும் அனுப்பினாள். அங்கிருந்து அதற்குப் பதில் வரவில்லை. மீதி ஐந்து மாதமும் முடிந்தபோது, வேலை நிரந்தரம் செய்யப்படவில்லை என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. சீனியர் அதே தடத்தில் பறந்துகொண்டிருந்தாள்.

வேலை பெர்மிட் காலாவதியாகும் முன் ராஜாங்கம் சிங்கப்பூர் திரும்பினார். ராசம்மாளைச் சீர்காழியில் அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். தெருக்காரர்கள் யாரும் வழியனுப்ப வரவில்லை.

தங்கையின் கல்யாணம் தை மாதம் நடந்தது. சகாயம்மாள் இரண்டு தடவை நேரில் போய் அழைத்தும் சூசையம்மாள் வரவில்லை.